கொட்டிலில் நிற்கும் இளங்குதிரைக்கு ஆகாரம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஒரு மிருக வைத்தியர் செய்த பிரசங்கம்)

 

காயம்பட்டு, ஓடியாடக் கூடாதென்று கட்டளையிடப்பட்டு, கொட்டிலில் அடைபட்டு நிற்கும் இளங்குதிரைக்கு என்ன ஆகாரம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைப்பற்றி இன்று உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் போய்விட்டதே, இனிக் குதிரையைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையைப் பார்த்தவர்கள் அவ்விதம் நினைக்கமாட்டார்கள். வண்டிப் பந்தயத்திற்கும், சவாரிக்கும், கல்யாண ஊர்வலத்திற்கும் குதிரை வளர்ப்போர் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கடன் வாங்கியே குட்டியை வாங்குகிறார்கள். ஆகையால் ஒரு குட்டி கெட்டால் அது ஒரு குடும்பத்தின் நஷ்டம். கடன் கொடுத்த சங்கத்திற்கும் அது நஷ்டமே.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயி, ஒன்றரை வயதுக் குட்டியொன்றை என்னிடம் கொண்டுவந்தார். முள்கம்பியில் சிக்கி, முன்னங்காலில் ஆழமாய்க் கிழிந்திருந்தது. நான் காயத்தைக் கழுவித் தைத்தேன். ரண ஜன்னிக்குத் தடுப்பூசி போட்டேன். இரண்டு மாதம் கொட்டிலை விட்டு அவிழ்க்கக் கூடாதென்று கண்டிப்பாய்ச் சொன்னேன். தீவனத்தைப்பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரோ குட்டியிடம் பிள்ளைபோல் பிரியம் வைத்தவர். 'ரத்தம் போயிருக்கிறது, உடம்பு தேறவேண்டும்' என்று, வழக்கமாய் வைத்த இரண்டு கிலோ கொள்ளை மூன்று கிலோவாக்கினார். அதனுடன் தவிடும் வெல்லமும் சேர்த்தார். மூன்றாவது வாரத்தில் குட்டி நான்கு காலையும் தரையில் ஊன்ற மாட்டாமல் தவித்தது. குளம்புகள் கையால் தொட்டால் சுட்டன. நான் போய்ப் பார்த்தபொழுது, காயம் மிக நன்றாய் ஆறியிருந்தது. ஆனால் குளம்பினுள் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய தசையேடுகள் வெந்து பிரிந்துவிட்டன. லாமினைட்டிஸ் என்று சொல்லப்படும் வியாதி அது. அந்தக் குட்டி பிறகு ஒரு நாளும் ஓடவில்லை. அதைக் கெடுத்தது முள்கம்பி அல்ல. அன்பினால் வைத்த தீவனமும், நான் சொல்லாமல் விட்ட சொல்லுமே ஆகும். அன்று சொல்லாமல் விட்டதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் பெரியோர் வாக்கு. உடம்பின் நிலைமையைப் பார்த்தே ஆகாரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதை நம் சங்கத்துக் கணக்கைப்போலவே பார்க்கலாம். குதிரை தின்னும் தீவனம் வரவு. ஓட்டமும் வேலையும் செலவு. ஓட்டம் நின்ற அன்றே செலவில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. காயம் ஆறுவதற்கும் குட்டி வளருவதற்கும் செலவு உண்டென்பது மெய்தான். ஆயினும் சாதாரணக் காயமொன்றுக்கு வேண்டிய அதிகச் சக்தி, ஓடாமையால் மிஞ்சும் சக்தியைவிடக் குறைவே. எனவே குட்டிக்கு அப்பொழுது வேண்டியது அதிகத் தானியமல்ல. சதையும் எலும்பும் கட்டுவதற்கான நல்ல சரக்கேயாகும்.

மிஞ்சிய தானியம் என்ன செய்யும்? குதிரையின் வயிறு மாட்டின் வயிற்றைப் போன்றதன்று. பெரிய பசுவின் அசை வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். முழு வளர்ச்சியடைந்த பெரிய குதிரையின் இரைப்பையோ சுமார் 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். அது அசை போடுவதில்லை. அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் அதிகத் தானியம் உள்ளே சென்றால், அதிலுள்ள மாச்சத்து சிறுகுடலில் முழுவதும் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. அங்கே புல்லைப் பக்குவம் செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாச்சத்து வந்தவுடன் அங்கே புளிப்பு ஏறுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. விஷங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அதன் பலன் ஒன்று கடுமையான வயிற்றுவலி. மற்றொன்று நான் கூறிய குளம்பு வியாதி. ஆகையால் ஒரு வேளையில் கொடுக்கும் மாச்சத்து, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேற்படாதிருப்பது நலம். 250 கிலோ எடையுள்ள குட்டிக்கு, மக்காச்சோளமாயின் அது அரைக் கிலோவுக்கும் குறைவே.

இது புதிய செய்தியன்று. வண்டி இழுக்கும் குதிரைகள் நிறைந்திருந்த காலத்தில், ஐரோப்பாவில் 'திங்கட்கிழமை வியாதி' என்று ஒன்றைச் சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையின்றி, ஆனால் முழுத் தானியமும் தின்று நின்ற குதிரை, திங்கட்கிழமை வண்டியில் பூட்டியவுடன் தசை இறுகி, சிறுநீர் கறுத்து விழுந்துவிடும். ஒரு நாள் ஓய்வுக்கே இவ்வளவானால், இரண்டு மாத ஓய்வுக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

ஒரு காலில் காயம்பட்ட குதிரைக்கு மற்றோர் அபாயமும் உண்டு. நோயுற்ற காலை ஊன்றாமல் எதிர்க் காலிலேயே பாரத்தையெல்லாம் தாங்குவதால், அந்த நல்ல காலின் குளம்பு கெடலாம். குதிரைப் பந்தய உலகம் முழுவதும் அறிந்த உதாரணம் ஒன்றைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 2006-ம் வருஷம் வென்ற பார்பரோ என்னும் மூன்று வயதுக் குதிரைக்கு, அதே மாதத்தில் நடந்த மற்றொரு பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்தது. பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மிருக வைத்தியசாலையில் உயர்ந்த சிகிச்சை கிடைத்தது. ஆயினும் இடது பின்னங்காலில் குளம்பு வியாதி கண்டது; பல மாதப் போராட்டத்திற்குப் பின் 2007-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது. அங்கே வியாதிக்குக் காரணம் பாரமே, தீவனம் அன்று. ஆனால் பாரத்தால் ஏற்கெனவே துன்புறும் குளம்பின்மீது, அளவு மீறிய தீவனத்தின் கேட்டையும் உடல் கொழுப்பின் சுமையையும் நாம் ஏற்றலாமா?

தானியத்தைக் குறைக்கச் சொன்னேன் என்று குட்டியைப் பட்டினி போட்டுவிடக் கூடாது. குதிரையின் இரைப்பையில் இரவும் பகலும் புளிப்பு நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. வயிறு வெறுமையாய் இருந்தால் அந்நீர் இரைப்பையையே அரித்துப் புண்ணாக்கும். வலிக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அதே புண்ணை உண்டாக்கக் கூடியவை. ஆகவே புல் எப்பொழுதும் முன்னால் இருக்கவேண்டும். ஈரம் நீங்கிய கணக்கில், நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் குறையாமலும், சாதாரணமாய் நூற்றுக்கு இரண்டு பங்கும் நார்த் தீவனம் கொடுக்கவேண்டும். அதையும் ஒரே குவியலாய்ப் போடாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துப் போடுவது நன்று. சிறு கண்ணுள்ள வலைப்பையில் வைத்தால் மெதுவாய்த் தின்னும், பொழுதும் போகும், மரத்தைக் கடிக்கும் கெட்ட பழக்கமும் வராது. கால் சிக்காதபடி வலைப்பையை உயரக் கட்டுங்கள். வைக்கோலை மட்டும் நம்பவேண்டாம். அதில் சத்துக் குறைவு; நடமாட்டமில்லாத குதிரையின் குடலில் அது அடைத்துக்கொள்ளவும் கூடும்.

இனி எலும்பைப்பற்றிச் சொல்லுகிறேன். இளங்குதிரையின் எலும்பு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதற்குச் செங்கல்லும் சாந்தும் போன்றவை. பாஸ்பரஸ் ஒரு பங்கானால் சுண்ணாம்புச் சத்து ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருக்கவேண்டும். ஒரு பங்குக்குக் குறையவே கூடாது. கோதுமைத் தவிட்டிலோ, சுண்ணாம்புச் சத்தைப்போல் ஏறக்குறைய எட்டு ஒன்பது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசித் தவிடும் அத்தகையதே. தவிட்டை நிறையக் கொடுத்தால், உடம்பு தன் குறையை நிரப்பிக்கொள்ள எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். முகத்தெலும்பு வீங்கும், இன்று ஒரு காலும் நாளை ஒரு காலுமாய் நொண்டும். முற்காலத்தில் மாவு அரைக்கும் ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அதிகமாய் வந்ததால் 'ஆலைக்காரர் வியாதி' என்றே ஐரோப்பாவில் பெயர் பெற்றது. தவிட்டுக் கஞ்சி நோயாளிக்கு நல்லது என்னும் எண்ணத்தை, இளங்குதிரையின் விஷயத்தில் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பச்சைத் தீவனத்திலும் பகுத்தறிவு வேண்டும். நம் கொறங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சிறந்தது. ஆனால் அதிலும், கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லிலும் ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்புக்கள் உள்ளன. அவை சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, குதிரைக்குச் சேரவொட்டாமல் செய்துவிடும். அப்புல்லையே நம்பியிருப்பவர்கள் அதனுடன் குதிரை மசாலைச் சேர்க்கவேண்டும். குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நிறைந்துள்ளன. இரைப்பையின் புளிப்பையும் அது தணிக்கிறது. அதன் பெயரிலேயே அது யாருக்கு உரியது என்று எழுதியிருக்கிறதல்லவா? குதிரை மசால் கிடைக்காத இடத்தில், வைத்தியர் சொல்லும் அளவில் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள் கலக்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். சவுண்டல் என்னும் கூபாபுல் தழை குதிரைக்கு ஆகாது. பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும். பச்சைச் சோளப் பயிரையும் விலக்குங்கள். அது சிறுநீர்ப் பையையும் பின்னங்கால்களின் பலத்தையும் கெடுக்கக் கூடியது.

சதை வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தில் லைசின் என்னும் பகுதி இளங்குதிரைக்கு மிகவும் அவசியம். சோயா பிண்ணாக்கில் அது ஏராளமாய் உண்டு. கடலைப் பிண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் ஈரலைக் கெடுக்கும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு குட்டிகளுக்கு வேண்டாம். ஒன்றரை வயதும் சுமார் 250 கிலோ எடையுமுள்ள குட்டிக்கு ஒரு நாள் ஆகாரம் பின்வருமாறு அமையலாம்:

நன்றாய் உலர்ந்த, பூசணமும் தூசியுமற்ற புல் 4 கிலோ.
பச்சைக் குதிரை மசால், சற்று வாடவைத்தது, 4 முதல் 5 கிலோ வரை.
சோயா பிண்ணாக்கு 300 கிராம், இரு வேளையாகப் பிரித்து.
கல்லுப்பு 25 கிராம்.
குதிரைக்கென்றே தயாரித்த தாது உப்புக் கலவை, அதன் சீட்டில் கண்ட அளவு.

கொள்ளு வைத்துத்தான் தீரவேண்டுமென்றால், வேகவைத்த கொள்ளு, காய்ந்த கணக்கில் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்; அப்பொழுது சோயாவைக் கொஞ்சம் குறையுங்கள். தானியத்தைக் காயம்பட்ட அன்றே குறைக்கலாம். ஆனால் புல்லின் வகையை மாற்றுவதானால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகவே மாற்றவேண்டும். குட்டி ஏற்கெனவே மிகவும் மெலிந்ததாகவோ, காய்ச்சலுடனோ இருந்தால் இந்த அளவு பொருந்தாது. வைத்தியரைக் கேட்டே நடக்கவேண்டும்.

சத்து மருந்துகளின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும். காய்ந்த புல்லில் வைட்டமின் ஈ குறைந்துவிடுவதால், பச்சையே கிடைக்காத குட்டிக்கு அதையும் கொடுக்கவேண்டியிருக்கும். ஆனால் 'ஒன்று நல்லதானால் மூன்று இன்னும் நல்லது' என்று பல டப்பாக்களைக் கலக்கக் கூடாது. செலினியம் என்னும் சத்து அணுவளவு வேண்டும். சற்று மிஞ்சினால் விஷம். 2009-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பிளாரிடாவில், போலோ ஆட்டத்திற்கு வந்த 21 குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மாண்டன. அவற்றிற்குப் போட்ட சத்து ஊசியில் செலினியத்தின் அளவு தவறுதலாய் மிஞ்சியிருந்ததே காரணம். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் சில தீவனங்களில் மொனென்சின் என்னும் மருந்து சேர்க்கப்படுகிறது. அவற்றிற்கு நன்மை செய்யும் அது குதிரையைக் கொன்றுவிடும். ஆகையால் மாட்டுத் தீவன மூட்டையைக் குதிரைத் தொட்டியில் அவிழ்க்காதீர்கள்.

தண்ணீர் எப்பொழுதும் சுத்தமாய் இருக்கவேண்டும். மேற்சொன்ன குட்டி குறைந்தது 12 லிட்டரும், கோடையில் அதைப்போல் இரு மடங்கும் குடிக்கும். எவ்வளவு குடித்தது என்பதைத் தொட்டியில் கோடிட்டுப் பாருங்கள். நடவாத குதிரையின் குடலும் மந்தமாகிவிடுவதால், லத்தி எத்தனை தடவை போட்டது என்றும் கவனியுங்கள். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடுவது வழக்கம். அது பாதியாய்க் குறைந்தாலும், உலர்ந்து சிறுத்தாலும், புல்லில் வாய் வைக்காவிட்டாலும், தரையில் புரண்டாலும், உடனே வைத்தியரிடம் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தினமும் காலையில் நான்கு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். வாரம் ஒரு தடவை மார்பைச் சுற்றிக் கயிற்றால் அளந்து முடிச்சிடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும், கைக்குத் தட்டுப்படும்படியும் இருப்பதே சரியான நிலை.

ஆகாரத்தால் மட்டும் எலும்பு உறுதியாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. பாரம் தாங்கியே எலும்பு பலப்படுகிறது. அடைத்து வைத்தால் அதன் சத்துக் குறைகிறது. ஆதலால் வைத்தியர் அனுமதித்த நாள் முதல் கையில் பிடித்து நடத்துங்கள். அனுமதியின்றி ஒரு நாளும் அவிழ்த்துவிடாதீர்கள். வேலை முன்னே போகட்டும். தானியம் பின்னே வரட்டும். குட்டி நடக்கத் தொடங்கிச் சில நாள் கழித்தே கொள்ளைக் கைப்பிடி கைப்பிடியாய்க் கூட்டவேண்டும்.

கடைசியாக, இதில் சங்கம் செய்யக்கூடியது என்ன? ஒரு குட்டியை வைத்திருப்பவர் குதிரை மசாலுக்கென்று தனியே பாத்தி கட்டுவது கஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்தால் தண்ணீர் வசதியுள்ள கால் ஏக்கரில் விதைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். தாது உப்பையும் சோயா பிண்ணாக்கையும் சங்கமே மொத்தமாய் வாங்கிச் சில்லறையாய்க் கொடுத்தால், விலையும் குறையும், சரக்கும் நம்பிக்கையானதாயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தில் ஒரு தராசு இருக்கட்டும். நாம் படியால் அளந்து, மனத்தால் கூட்டி வைக்கிறோம். ஒரே படியில் தவிடு ஒரு எடை, கொள்ளு வேறு எடை. நிறுத்து வைப்பவனுக்கு வரும் தவறு, அளந்து வைப்பவனுக்கு வரும் தவறைவிடக் குறைவே.

நண்பர்களே! வாயில்லாப் பிராணி வருந்தும்பொழுது, கையில் உள்ளதையெல்லாம் அதன் முன் கொட்டவேண்டுமென்று மனம் துடிப்பது இயற்கை. அந்த இரக்கம் போற்றத்தக்கதே. ஆனால் அது தராசின் வழியாய்ப் போகட்டும். தானியத்தைக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள், தவிட்டை விலக்கிக் குதிரை மசாலைச் சேருங்கள், தண்ணீரையும் லத்தியையும் குளம்பையும் தினமும் பாருங்கள். காயம்பட்ட குட்டியைக் கொண்டுவருவோரிடம் இந்த நான்கையும் சொல்லாமல் நான் இப்பொழுது திருப்பி அனுப்புவதில்லை. நீங்களும் உங்கள் அண்டை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.